கையெழுத்துப் போட மாட்டேன்

நான் போய்ச் சேருவதற்கு முன்பே டி.சி. எழுதித் தயாராக இருந்தது. என் மகளின் பெயர், பிறந்த தேதி, வலது முழங்கையில் இருக்கும் மச்சம், நடத்தை நன்று என்ற ஒரு வரி, அதன்மேல் பள்ளியின் முத்திரை. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தலைமை ஆசிரியை பேனாவின் மூடியைக் கழற்றி, நான் எடுக்க வசதியாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த வாரம் அது. மின்விசிறி சுற்றியும் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெயில். என் மகள் ஜெபா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அவள் ஆடும்போதெல்லாம் அது தரையில் டொக்கென்று இடிக்கும். எச்.எம். சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வெளியிலிருந்து ஒரு டொக்.

எச்.எம். குரலை உயர்த்தவே இல்லை. பெல் அடித்தால் ஜெபா அலறுகிறாள் என்றார். போன மாதம் வகுப்பு நடக்கும்போதே கேட்டைத் தாண்டி ஓடிவிட்டாள், பியூன் ஏகாம்பரம் ஏரிக்கரை வரை துரத்திப் போய்ப் பிடித்தபோது அவர் கையைக் கடித்துவிட்டாள் என்றார். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். அதன் பிறகுதான் உண்மையான காரணம் வந்தது. பத்தாம் வகுப்பில் அந்தப் பள்ளியில் யாரும் ஃபெயில் ஆவது கிடையாது. அந்தப் பெயரை ஒரு பிள்ளைக்காகக் கெடுத்துக்கொள்ள முடியாது.

"பாஸ்னு போட்டுத்தான் குடுக்கறோம் எஸ்தர்ம்மா. கௌரவமா வேற இடம் பாத்துக்கலாம்."

டி.சி.யை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் இரண்டு வார்த்தைகள் எழுதியிருந்தன. 'பெற்றோர் விருப்பம்.'

அந்த இரண்டு வார்த்தைகள்தான் என்னைக் கிளப்பிவிட்டன. ஓடியதற்கும் கடித்ததற்கும் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து கேட்டிருப்பேன். கெஞ்சியும் இருப்பேன். அதுவரை எத்தனையோ இடங்களில் கெஞ்சியவள்தான் நான். ஆனால் என் விருப்பத்தை இன்னொருவர் எழுதி முத்திரையும் குத்தி வைத்திருந்தார்.

"இது என் விருப்பம் இல்ல மேடம்" என்றேன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேனாவை மூடி அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்து ஜெபாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்பாவை யாரும் கேட்கவில்லை

இந்தப் பத்தியைப் படித்துக் கடிதம் எழுதும் வாசகி ஒருவர் போன வாரம், "உங்கள் எழுத்தில் கோபம் அதிகம், ஆண்டவர் பொறுமையைத் தருவாராக" என்று எழுதியிருந்தார். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவின் ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவின் அப்பா பெரிய வீட்டு நிலத்தில் வேலை செய்தவர். அப்பா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்த வீட்டு மாட்டுக்காரன் ஓடிப்போய்விட்டான். மறுநாளிலிருந்து அப்பா மாடு மேய்க்கப் போனார். டி.சி. கிடையாது, கையெழுத்து கிடையாது, உனக்கு விருப்பமா என்று கேட்கவும் ஆள் கிடையாது. வாத்தியாரும் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

பிற்பாடு அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை கிடைத்தது. பெண் பிள்ளைகள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். என் ரேங்க் கார்டில் கடைசி வரை பெருவிரலைத்தான் வைத்தார்.

எங்கள் வீட்டில் ஒரு கையெழுத்துக்கு மதிப்பு வருவதற்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது. கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்றால், போடாமல் இருப்பதற்கும் மதிப்பு இருக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக அன்றைக்கு நினைத்தேன் என்று சொன்னால் பொய். பஸ் ஸ்டாண்டில் ஜெபாவுக்கு ஜன்னல் சீட் பிடிக்கத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். நினைத்ததெல்லாம் பின்னால்தான்.

திருப்பிச் சொல்வது என் தொழில்

நான் டெலிபோன் ஆபரேட்டர். ட்ரங்க் கால் காலத்து ஆள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டின் முன் உட்கார்ந்தால், யார் என்ன நம்பர் சொன்னாலும் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். எட்டு மணி நேரமும் மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதனால் ஜெபா ஐந்து வயதில் "சாப்டியா?" என்றால் "சாப்டியா?" என்று திருப்பிச் சொன்னபோது, எனக்கு மற்றவர்கள் அளவுக்குத் திகில் வரவில்லை. நக்கல் பண்ணுகிறாள் என்றார்கள். பிசாசு என்றார்கள். ஒரு சபை ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து அவள் தலைமேல் கையை வைத்துச் சத்தம் போட்டு ஜெபித்தார். ஜெபா அவருடைய "விலகிப் போ" என்பதை அதே ராகத்தில் அவருக்கே திருப்பிச் சொன்னாள். அவர் மறுபடி வரவில்லை.

கடைசியில் சென்னையில் ஒரு டாக்டரம்மா இரண்டு மணி நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்டிசம் என்றார். கேள்விப்படாத வார்த்தை. எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன். இது குணமாகும் நோய் இல்லை, பிள்ளை இப்படித்தான் இருப்பாள், நீங்கள் அவளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. எங்கள் வீடு இருக்கும் திருக்கழுக்குன்றம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். ஜெபா என் தோளில் தலை வைத்து வழியில் வந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயசுக்கு வந்த பெண்

குழந்தையாக இருக்கும்வரை ஊருக்கு ஒரு பரிதாபமாவது இருந்தது. உயரம் வளர்ந்து மார்பு வந்த பிறகு அதுவும் போய்விட்டது. பதிமூன்று வயதுப் பெண் பஸ்ஸில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போவார்கள். எழுந்து போகாத சில ஆண்களைக் கண்டுதான் எனக்குப் பயம்.

வீட்டுக்குத் தூரம் ஆவதற்கு அவளை முன்கூட்டியே தயார் செய்தோம். திடீரென்று வரும் எதையும் அவளால் தாங்க முடியாது என்பது அதற்குள் எங்களுக்குப் பாடமாகியிருந்தது. பீட்ரூட் சாற்றை நாப்கினில் சொட்டுவிட்டு, இப்படி வரும், இதை இப்படி மாற்ற வேண்டும், இந்தக் காகிதத்தில் சுற்றி இந்த வாளியில் போட வேண்டும் என்று குளியலறைச் சுவரில் படங்கள் ஒட்டினேன். படங்களை வரைந்தவர் ஜெபாவின் அப்பா. வெல்டர் கை, கோடு பிசகாது. நிஜமாகவே வந்த அன்று ஜெபா கூச்சலிடவில்லை. "பீட்ரூட்" என்று அறிவித்துவிட்டுப் படத்தில் இருந்தபடியே ஒன்று விடாமல் செய்தாள்.

அந்த வாரமே என் மாமியார் வழியில் ஒரு பெரியம்மா வந்தாள். ஜெபாவைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, சமையல்கட்டில் என் காதருகே வந்து சொன்னாள்.

"ஆப்பரேசன் பண்ணி கர்ப்பப்பைய எட்த்துடு எஸ்தரு. உனுக்கும் பேஜாரு இல்ல, அதுவும் ஒரு மூலையில கெடக்கும்."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "மொதல்ல உன் பொண்ணுக்கு எடு பெரிம்மா. அப்பால பாக்கலாம்."

ஒரு வருஷம் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஒரு வருஷம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் செய்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வழி சொல்ல ஆளில்லாத ஊரில் கத்தி ஒரு வழியாகத் தெரியும். ஆனால் என் மகளின் உடம்பு என் வசதிக்காகப் படைக்கப்பட்டது இல்லை.

உளிச் சத்தம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் மாமல்லபுரம் போவோம். ஜெபாவுக்குக் கடலைவிடச் சாலையோரச் சிற்பப் பட்டறைகள் பிடிக்கும். உளியில் சுத்தியல் விழும் சத்தத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் நிற்பாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கும். கல் தூள் முகத்தில் படிந்தாலும் துடைக்க மாட்டாள்.

குக்கர் விசிலுக்கு அலறும் பிள்ளை, பத்து உளிகளுக்கு நடுவில் எப்படி நிற்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு பட்டறைகளுக்குக் கல் அறுக்கும் மெஷின் வந்தது. ஒருநாள் அவள் உளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ மெஷினைப் போட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்து கடற்கரையில் உட்கார வைத்தோம். ரொம்ப நேரம் அழுதாள்.

அன்றைக்குத்தான் அவள் அப்பா கண்டுபிடித்துச் சொன்னார். உளி எப்போது விழும் என்று அவளுக்குத் தெரிகிறது. ஓங்கும் கையைப் பார்க்கிறாள், சத்தத்துக்குத் தயாராகிறாள். மெஷின் சொல்லாமல் வருகிறது. சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அவளை அடிக்கிறது.

பள்ளியிலும் அதேதான். எட்டாம் வகுப்பு வரை அங்கே தண்டவாளத் துண்டு மணி இருந்தது. ஏகாம்பரம் சுத்தியலோடு நடந்து போவதை ஜெபா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒன்பதாம் வகுப்பில் எலெக்ட்ரிக் பெல் வைத்தார்கள், அவள் வகுப்புக்கு நேர் வெளியே. அலறலும் ஓட்டமும் தொடங்கியது அதன் பிறகுதான்.

காதுமூடி

டி.சி.யில் கையெழுத்துப் போடாமல் வந்த அன்று மாலை ஜெபாவின் அப்பா சாலமோன் வேலை முடிந்து வந்தார். கடற்கரையோரம் இருக்கும் அணுமின் நிலையத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டர் வேலை. நடந்ததைச் சொன்னேன். தட்டிலிருந்த சோற்றை முழுதும் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "மெஷினாண்ட நிக்கசொல்லோ நாங்க காதுமூடி போட்டுகினுதான் நிக்கறோம். சத்தம் தாங்காதுன்னு அவங்களே குட்த்து கீறாங்க. அதுக்கு எவனும் எங்கள லூசுன்னு சொல்றதில்ல. எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா?"

மறுநாள் பாரிமுனைக்குப் போய், சொந்தக் காசில் புதிதாக ஒரு காதுமூடி வாங்கி வந்தார். ஆரஞ்சு நிறம். ஜெபா மாட்டிப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சாயங்காலம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே குக்கர் வைத்தேன். விசில் வரப்போகிறது என்று முதலில் சொன்னேன். மாட்டிக்கொண்டாள். விசில் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனோம். கேட்டில் ஏகாம்பரம் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"பாப்பா மேல தப்பு இல்லமா. அது பாட்டுக்குக் காதப் பொத்திகினு ஏரியப் பாத்துகினு இருந்துச்சு. நான்தான் பின்னால போயி கைய புட்சி இழுத்துட்டேன். என்னிய எவனாவது அப்டி இழுத்தா நானும் கடிப்பேன்."

சாலமோன் பையிலிருந்து காதுமூடியை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார். நாள் பூரா மாட்டிக்கொண்டிருந்தால் பாடம் காதில் விழாது, பெல்லுக்கு மட்டும் மாட்ட வேண்டும், ஆனால் பெல் எப்போது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் இழுத்தேன். ஏகாம்பரம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பெல்லு சுச்சு என்னாண்டதான் கீது. ஒரு நிமிசம் முன்னால ஜன்னலாண்ட போயி கையக் காட்டிட்டு வந்து அடிக்கறேன். இதுக்கு இன்னா செலவு?"

ஒரு வருஷம் அவள் அலறினாள். அத்தனை படித்தவர்களுக்கும், எனக்கும் சேர்த்துத்தான், இது தோன்றவில்லை.

எச்.எம்.முக்குக் காதுமூடி பிடிக்கவில்லை. யூனிஃபார்முக்கு விரோதம், மற்ற பிள்ளைகளுக்கு வேடிக்கையாகப் போய்விடும் என்றார். டி.சி. அதே மேஜையில் அதே இடத்தில் இருந்தது. நான் அதை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இதுல பெற்றோர் விருப்பம்னு இருக்கறத அடிச்சிட்டு, பள்ளியின் விருப்பம்னு எழுதுங்க மேடம். எழுதிட்டு மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்பறம் நானும் போடறேன்."

அவர் பேனாவைத் தொடவில்லை. சாலமோன் பக்கம் திரும்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார். சாலமோன், அவள் சொன்னதுதான் என்று மட்டும் சொன்னார்.

காலாண்டுப் பரீட்சை வரை பார்க்கலாம் என்று முடிந்தது. டி.சி.யை அவர் கிழிக்கவில்லை. டிராயரில் வைத்துப் பூட்டினார். எங்களுக்கு அது போதும்.

கட்டத்துக்குள் அடங்காதவள்

ஏகாம்பரம் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு பீரியடுக்கும் ஜன்னலில் ஒரு கை தெரியும். ஜெபா காதுமூடியை மாட்டுவாள், பெல் அடிக்கும், கழற்றி மடியில் வைப்பாள். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம், கை தெரிந்ததும் நோட்டை மூடி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஏகாம்பரம் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போனார். மாற்று ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. ஜெபா தன் அறிவியல் நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று நாள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அது என்னைப் பற்றியது. அரையாண்டுக்கு முன் ஒரு மாலை, அவள் ஒரே கணக்கைப் பதினைந்தாவது தடவையாக முதலிலிருந்து எழுதினாள். நான் அவள் புறங்கையில் ஸ்கேலால் அடித்தேன். "எழுதுடி, அடுத்தத எழுதுடி" என்று கத்தினேன். அவள் எழுதினாள். பிறகு ஒரு வாரம், குளிக்கும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸில், என் குரலிலேயே "எழுதுடி, அடுத்தத எழுதுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரல் எவ்வளவு கொடூரமானது என்று எனக்குக் காட்டியது அவள்தான். ஸ்கேலை ஒடித்து அடுப்பில் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஜெபாவுக்கு எழுத வரும். மெதுவாக வரும். பொதுத்தேர்வில் தனி அறையும் ஒரு மணி நேரம் கூடுதலும் கிடைத்தால் போதும். அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் பார்வை, காது, கை கால், மனவளர்ச்சி என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. ஆட்டிசத்துக்குக் கட்டம் இல்லை. இளம் டாக்டர் ஒருத்தி, மனவளர்ச்சி குன்றியவர் என்பதில் டிக் போடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்றாள். அவள் சொன்னது நிஜம்.

டிக் போடுங்கள், ஆனால் பக்கத்தில் ஆட்டிசம் என்று உங்கள் கையால் எழுதி அதன்கீழ் கையெழுத்தும் போடுங்கள் என்றேன். படிவத்தில் இடமில்லை என்றாள். ஓரத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள்.

கல்வி அலுவலகத்தில் கிளார்க், ஒன்றுதானே இருக்க வேண்டும், ஏன் இரண்டு எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். சாப்பாட்டுத் தூக்கோடு போய் அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் அவர், "ஏம்மா, உனக்கு வேலை வெட்டி இல்லியா?" என்றார். இதுதான் வேலை என்றேன். அன்று சாயங்காலம் உத்தரவு கைக்கு வந்தது.

ஒரு மணி நேரம் இருக்கு

தேர்வு மையம் வேறு பள்ளி. வேறு கட்டடம், வேறு பெல். மூன்று சனிக்கிழமைகள் அவளை அங்கே கூட்டிப்போய் கேட், கழிப்பறை, படி, அவள் எழுதப்போகும் சின்ன அறை எல்லாம் காட்டினோம். பெல்லை அடித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

தமிழும் ஆங்கிலமும் நல்லபடி போயின. கணக்கு அன்று கண்காணிப்பாளர் மாறிவிட்டார். புதிதாக வந்தவரிடம் உத்தரவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கக் கையை நீட்டியிருக்கிறார். ஜெபா கொடுக்கவில்லை. அவர் இழுத்திருக்கிறார்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. கேட்டுக்கு ஓடினேன். காவலர் விடவில்லை.

"ஒரு மணி நேரம் இருக்கு. ஒரு மணி நேரம் இருக்கு. ஒரு மணி நேரம் இருக்கு."

அலறல் இல்லை, அழுகையும் இல்லை. ஒரே சுரத்தில், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் பஸ்ஸில் நான் அவளுக்குச் சொல்லி அனுப்பிய வாக்கியம் அது. இரண்டு கைகளாலும் விடைத்தாளை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்காணிப்பாளர் போய் மூத்த அதிகாரியைக் கூட்டி வந்து உத்தரவைக் காட்டும்வரை அவள் அதை விடவில்லை. இதையெல்லாம் பிற்பாடு அந்தக் கண்காணிப்பாளரே வெளியே வந்து என்னிடம் சொன்னார். "தப்பு என்னுதுதான்மா. ஆனா உங்க பொண்ணுகிட்ட வாய் குடுக்க முடியாது" என்றார்.

எத்தனை பேர் அவளுடைய திருப்பிச் சொல்லலை நிறுத்தச் சொல்லி எனக்கு வைத்தியம் சொன்னார்கள். நாக்கில் மிளகாய் வைத்துத் தேய்க்கச் சொன்னவர்கள்கூட உண்டு. அன்றைக்கு அந்த அறையில் அவளுக்காகப் பேச வேறு யாரும் இல்லை.

பாஸ். எல்லாப் பாடத்திலும். கணக்கில் எல்லையை ஒட்டி, தமிழில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு. சாலமோன் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றார்.

மேடை

பள்ளி ஆண்டு விழாவுக்கு எச்.எம். ஆள் அனுப்பினார். ஜெபாவுக்கு மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், இப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் பள்ளி எப்படித் துணை நின்றது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனாலும் போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த மேடை வேண்டியிருந்தது. என் மகள் மேலே நிற்பதை நான் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். உச்சுக்கொட்டியவர்களில் நாலு பேராவது அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். புதுப் பட்டுப் பாவாடை தைத்து, பூ வைத்து, முதல் நாளே மேடையைக் காட்டி எல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

மாலை விழா. சீரியல் விளக்குகள். மைக் அவ்வப்போது வீறிட்டது. ஜெபா காதுமூடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைச் சொன்னார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து அவள் தோளைத் தொட்டேன்.

"வரல" என்றாள்.

குனிந்து, பொன்னாடை போர்த்துவார்கள், ஒரு நிமிஷம்தான் என்றேன்.

"வேணாம். வரல."

எவர் சொன்னதையும் திருப்பிச் சொல்லவில்லை அவள். இரண்டும் அவளுடைய வார்த்தைகள். மேடையில் பெயரை இரண்டாம் முறை வாசித்தார்கள். எச்.எம். படியிறங்கி எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். பொன்னாடை கையில் இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் எஸ்தர்ம்மா, எப்படியாவது கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள் என்றார்.

அதுவரை அவள் வேண்டாம் என்று சொன்ன எல்லாவற்றுக்கும் நான் ஊருக்கு ஒரு சாக்கு சொல்லியிருக்கிறேன். தலைவலி, தூக்கம், கூச்சம், புது இடம். கல்யாண வீடுகளில், ஆலயத்தில், உறவினர் மத்தியில் பதினைந்து வருஷம் சொன்னேன். அன்றைக்கும் நாக்கின் நுனிவரை ஒன்று வந்தது. ஜெபாவைப் பார்த்தேன். அவள் பாவாடைக் கரையை விரலால் நீவிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டவள் அவள்.

"அவ வரலைன்னு சொல்லிட்டா மேடம்" என்றேன். அவள் பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.